வானூர்தியை நேசிப்போர் வேண்டுவன

வானத்தில் விமானத்தின் ஒலி கேட்டவுடன் தலை நிமிர்ந்து பார்ப்போர் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். பார்த்துவிட்டுத் தம் வேலையை நோக்கித் திரும்புவோர் பலர். அது எவ்வகை விமானம், எங்கிருந்து புறப்பட்டது, எத்தனை யந்திரம் உடையது என்றெல்லாம் அறிய விரும்பி, அது கண்ணுக்கு மறையும் வரையில் நின்று பார்ப்போர் சிலர். அந்தச் சிலரோடு சேர்த்தே நம்மையும் எண்ண வேண்டும். விமானம் ஓட்டத் தெரிந்தவர் அல்லோம்; விமானத்தின்பால் பற்றுக் கொண்டவர், அவ்வளவே. அந்தப் பற்றின் காரணமாக நம் உள்ளத்தில் நெடுநாளாக இருந்து வரும் மூன்று செய்திகளை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம். ஒன்று, விமானத்தைப் பற்றிய திரைப்படங்கள். இரண்டாவது, விமானத் தளங்களில் அமைய வேண்டிய நினைவுச் சின்னங்கள். மூன்றாவது, விமான நிலையங்களுக்கும் விமானக் கம்பெனிகளுக்கும் வரும் வீண் மிரட்டல்கள்.

இம்மூன்றும் தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு எவ்வகையில் உறவுடையன என்று சிலர் கேட்கலாம். தில்லிக் கரோல் பாகிலும், பம்பாய் மாதுங்காவிலும், கல்கத்தாவின் ஏரிக்கரைப் பகுதியிலும் நம் முன்னோர் குடியேறிய காலத்தில், ஊருக்குப் போவதென்றால் ரயிலில்தான் போக வேண்டும். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறினால் தில்லியிலிருந்து சென்னை சேரக் குறைந்தது ஒன்றரை நாளாவது கழியும். தந்தை நோயுற்றார் என்று தந்தி வந்தால், மகன் சென்று சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இன்றோ அதே தூரத்தை விமானம் மூன்று மணிக்குள் கடந்துவிடுகிறது. 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குள்ளேயே விமானத்தில் சென்றவர்களின் தொகை 16 கோடிக்கு மேல். அவர்களுள் நம்மைப்போல் பிழைப்பின் பொருட்டு ஓரூரிலும், பெற்றோரின் பொருட்டு மற்றோரூரிலும் மனத்தை வைத்திருப்போர் எத்தனை பேர்! ஆதலின், விமானம் நன்கு நடைபெறுவதில் நமக்குள்ள அக்கறை மற்றவர்களுக்குள்ள அக்கறையினும் ஒரு படி மிகுதியே எனலாம்.

முதலில் திரைப்படங்களைக் காண்போம்.

விமானமும் திரைப்படமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்த கலைகள். 1927-இல் வெளிவந்த 'விங்ஸ்' என்னும் மௌனப் படமே, அமெரிக்காவில் ஆஸ்கார் பரிசு ஏற்பட்டபோது சிறந்த படத்துக்கான முதற்பரிசைப் பெற்றது. அதை இயக்கிய வில்லியம் வெல்மன் முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர். ஆகையால் அப்படத்தில் மேகம் மேகமாகவும், விமானம் விமானமாகவும் காட்சியளிக்கின்றன. வெறும் வானத்தில் விமானத்தின் வேகம் கண்ணுக்குப் புலப்படாது. பின்னணியில் மேகம் இருந்தால்தான் அது விளங்கும். ஓட்டிப் பழகியவர் அறிந்த இவ்வுண்மையை அவர் படத்திலும் கொண்டுவந்தார்.

நம்மைப் போன்றோர் இத்தகைய படங்களைப் பார்க்கும்போது அருகில் அமர்ந்திருப்போருக்குச் சிறிது தொல்லையாகவே இருப்போம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' என்னும் 1969-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துக்கொள்வோம். 1940-இல் இங்கிலாந்தின் வானத்தில் நடந்த போரைச் சித்திரிக்கும் அப்படத்தில் ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களாகத் தோன்றுபவை, உண்மையில் போருக்குப் பின்னர் ஸ்பெயின் நாட்டில் செய்யப்பட்டவை. அவற்றில் பொருத்தியிருந்ததோ ஆங்கிலேயரின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் யந்திரம். ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு உயிராக இருந்த அதே யந்திரம்! பகைவனுக்கும் நண்பனுக்கும் ஒரே நெஞ்சம் துடித்ததை அறிந்தவர் அறிவர். ஆயினும் இதைப் பெருங்குறையாக நாம் கருதவில்லை. உண்மையான விமானங்களைத் தேடிப் பிடித்து, உண்மையான வானத்தில் பறக்கவிட்டு எடுத்த படம் அது. மூக்கின் வடிவிலும் யந்திரத்திலும் ஏற்பட்ட வேற்றுமையை அந்த உழைப்பின் பொருட்டு மன்னித்துவிடலாம்.

நாம் மன்னிக்கத் தயங்குவது வேறொன்று. பல படங்களில் விமானி ஒருவன் மட்டுமே இருக்கிறான். விரைந்து ஓடி வருகிறான், ஏறுகிறான், பறக்கிறான், வெல்கிறான். அவனுக்காக இரவு முழுவதும் யந்திரத்தைப் பிரித்துப் பூட்டிய தொழிலாளர் எங்கே? காற்றின் திசையையும் வேகத்தையும் கணித்துச் சொன்ன வானிலையாளர் எங்கே? கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்து, ஒன்றோடொன்று மோதாதபடி பத்து விமானங்களுக்கும் வழி சொல்பவர் எங்கே? விமானம் பறப்பது தனிமனித வீரத்தினால் மட்டும் அன்று, பலருடைய ஒழுங்கினால். இவ்வுண்மையைக் காட்டும் படமே நம் கருத்தில் நல்ல படம். விமானி பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் காட்சியைப் பொறுமையோடு காட்டும் இயக்குநரை, பத்து வான்சண்டைகளைக் காட்டுபவரினும் மேலாக மதிப்போம்.

நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் நடந்துள்ளன. கோவிந்த் நிஹலானி இயக்கிய 'விஜேதா' 1982-இல் வெளிவந்தது. இளைஞன் ஒருவன் விமானப்படையில் பயின்று ஆளாகும் கதை அது. கராச்சி விமான நிலையத்தில் 1986-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் கொடியவர் கைப்பற்றிய விமானத்தில், பயணிகளைக் காக்கும் முயற்சியில் தம் உயிரை ஈந்த நீரஜா பனோத்தின் வரலாறு 2016-இல் படமாயிற்று. அவருக்கு நாடு அசோகச் சக்கர விருதளித்தது. விமானப் பணிப்பெண் என்றால் தேநீர் தருபவர் என்று எண்ணியிருந்தோர் பலருக்கு, அவருடைய முதற்கடமை பயணிகளின் உயிர்காப்பே என்பதை அப்படம் உணர்த்தியது.

தமிழில் நம் நெஞ்சைத் தொட்டது, சுதா கொங்கரா இயக்கி 2020-இல் வெளிவந்த 'சூரரைப் போற்று'. குறைந்த கட்டணத்தில் விமானம் விட்ட கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது அது. கோபிநாத் கருநாடகத்தைச் சார்ந்தவர். படத்தின் நாயகனோ மதுரைப் பக்கத்து இளைஞன். பெங்களூரில் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கலாம். கன்னட நாட்டு மனிதர் ஒருவரின் துணிவு தமிழ் நாட்டு மண்ணில் நட்டபோதும் தழைத்தது. அப்படத்தில் ஒரு காட்சி. சாகக் கிடக்கும் தந்தையைக் காணப் புறப்பட்ட மகன், விமானச் சீட்டுக்குப் பணம் போதாமல், விமான நிலையத்தில் நிற்போரிடமெல்லாம் கையேந்துகிறான். வான் சண்டையோ வெடிமுழக்கமோ இல்லாத அக்காட்சிதான், விமானம் என்பது எதற்காக என்ற கேள்விக்கு நாம் திரையில் கண்ட விடைகளுள் மிகத் தெளிவானது.

இன்னும் எடுக்கப்படாத படங்களும் உள. பெங்களூர் ஜக்கூர் விமானப் பள்ளியோடு தொடர்புடைய சுந்தரம், உஷா சுந்தரம் தம்பதியர், சென்னை அரசாங்கத்துக்காக வாங்கிய டவ் விமானத்தை 1951-இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தனர். கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்து கண்டம் விட்டுக் கண்டம் கடந்த அந்தக் கதை நம் இயக்குநர் ஒருவரின் கண்ணில் படட்டும்.

இனி, நினைவுச் சின்னங்கள்.

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் என்றொரு மாவட்டம் உண்டு. சமவெளி நிலம்; ஆதலால் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களின் தளங்கள் அங்கே நெருக்கமாக அமைந்தன. போர் முடிந்ததும் அவற்றுட் பல உழுநிலங்களாக மாறின. ஆனால் சாலையோரங்களில் கல் நட்டு, எந்தப் படைப்பிரிவு அங்கிருந்து பறந்தது என்று எழுதி வைத்திருக்கின்றனர். 2018-இல் லிங்கன் நகருக்கு அருகே திறக்கப்பட்ட நினைவு நிலையத்தில், குண்டுவீச்சுப் படைப் பணியில் உயிர் நீத்த ஏறத்தாழ 58,000 பேரின் பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. பதவியோ பட்டமோ அங்கே முதலிடம் பெறவில்லை, பெயர்களே பெற்றிருக்கின்றன.

நம் நாட்டில் நினைவுக்கு உரிய இடங்கள் குறைவா? நேயர்கள் வாழும் ஊர்களையே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

அலகாபாத்தில் வாழ்வோர்க்கு ஒரு பெருமை. 1911 பிப்ரவரி 18-ஆம் நாள் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி, ஏறத்தாழ 6,500 கடிதங்களுடன் அங்கிருந்து எழும்பி, யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகில் அதிகாரபூர்வமான விமானத் தபால் முதன்முதலாகச் சென்றது அன்றுதான். தபால் இலாகா 1961-லும் 2011-லும் அதற்காக அஞ்சல் தலை வெளியிட்டது.

பம்பாயில் வாழ்வோர் ஜுஹு விமானத் தளத்தை அறிவர். 1932 அக்டோபர் 15-ஆம் நாள் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபாலுடன் ஜே. ஆர். டி. டாட்டா தாமே ஓட்டி வந்த சிறு விமானம் இறங்கியது அங்கேதான். அதற்குப் பிறகு அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தவர் அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட். தமிழகத்தில் இருந்தவர் கைக்கு முறையான வான்தபால் வரத் தொடங்கிய வரலாறு இது.

கல்கத்தாவில் மைதானத்தின் நடுவே செல்லும் ரெட் ரோட்டில் நடப்போர், இரண்டாம் உலகப் போரின்போது அச்சாலையே ஓடுபாதையாகி, போர் விமானங்கள் அதிலிருந்து எழும்பின என்பதை எண்ணிப் பார்ப்பதுண்டோ? அஸ்ஸாமில் சபுவா, தின்ஜான் முதலிய தளங்களிலிருந்து 1942 முதல் 1945 வரையில் இமயத்தின் கிழக்குத் தொடரைத் தாண்டிச் சீனத்துக்கு ஏறத்தாழ ஆறரை லட்சம் டன் சரக்குக் கொண்டு செல்லப்பட்டது. அம்முயற்சியில் அழிந்த விமானங்கள் ஏறத்தாழ 600. அவற்றுட் சில இன்னும் மலைக்காடுகளில் சிதறிக் கிடக்கின்றன. அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் 2023 நவம்பரில் அதற்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எண்பது ஆண்டு கழிந்தாயினும் நிறைவேறிய கடமை அது.

ஸ்ரீநகரில் 1971 டிசம்பர் 14-ஆம் நாள், பகைவரின் ஆறு சேபர் விமானங்கள் தளத்தின்மீது குண்டு வீசிக்கொண்டிருந்தபோதே, நாட் என்னும் சிறு விமானத்தில் எழும்பிப் போரிட்டு வீழ்ந்தார் நிர்மல் ஜித் சிங் சேகோன். விமானப்படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. தில்லியில் வாழும் நம்மவர் பாலத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றால், நாட் விமானம் எத்துணைச் சிறியது என்பதை நேரிலேயே காட்டலாம்.

விசாகப்பட்டினத்தில் வாழ்வோர்க்கு ஒன்று சொல்வோம். அங்கே கடற்கரையில் 2017 டிசம்பர் முதல் காட்சிக்கு நிற்கும் டி.யு.142 என்னும் பெரிய கடற்படை விமானம், நீண்ட காலம் நம் அரக்கோணத்தில் குடியிருந்தது. 1992 முதல் அரக்கோணத்து ராஜாளித் தளத்திலிருந்து இந்துமாக்கடலைக் காவல் செய்து, 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது. நம்மைப்போலவே அதுவும் தமிழகத்திலிருந்து வேற்றூரில் குடியேறியது என்று நகையாடலாம்!

நினைவுச் சின்னம் வெற்றிக்கு மட்டும் உரியதன்று. 2010 மே 22-ஆம் நாள் மங்களூரில் நேர்ந்த விபத்தில் 158 பேர் மாண்டனர். எண்மர் மட்டுமே பிழைத்தனர். துபாயில் உழைத்துவிட்டு வீடு திரும்பிய மக்கள் அவர்கள். குளூருக்கு அருகே ஆற்றங்கரையில் அவர்களுக்கு நினைவிடம் அமைந்துள்ளது. 2025 ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் விமானத்தில் இருந்த 241 பேரும், தரையில் இருந்த 19 பேரும் உயிரிழந்தனர். இத்தகைய இடங்களில் அமையும் சின்னம், இறந்தோரின் உறவினர் வந்து மலரிட ஓரிடம். பொறுப்பிலிருப்போர்க்கு எப்போதும் நிற்கும் எச்சரிக்கை.

நாம் வேண்டுவது பெருஞ்செலவன்று. பழைய விமானம் ஒன்றைச் சாலைச் சந்தியில் மேடையேற்றி வர்ணம் பூசிவிட்டால் போதும் என்று சில ஊர்களில் எண்ணுகின்றனர். அதன் பெயர் என்ன, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பறந்தது, யார் ஓட்டினர், யார் பழுது பார்த்தனர் என்ற விவரம் இல்லாவிட்டால், அது வெறும் அலங்காரப் பொருளே. ஐதராபாத்தின் பேகம்பேட்டையும், பெங்களூரின் பழைய எச்.ஏ.எல். விமான நிலையமும் 2008-இல் புதிய நிலையங்களுக்கு இடம் கொடுத்தன. பழைய நிலையங்களில் இறங்கித்தான் நம்மவர் பலர் அந்நகரங்களில் வாழ்வைத் தொடங்கினர். அவ்வட்டார மொழியில் ஒரு பலகை, ஒரு மரநிழல், பெயர்கள், ஆண்டுகள்: இவ்வளவு இருந்தால் நிறைவு கொள்வோம்.

இறுதியாக, மூன்றாவது செய்திக்கு வருவோம். இதுவே மூன்றினும் முக்கியமானது.

2024 அக்டோபர் 15-ஆம் நாள், மதுரையிலிருந்து சிங்கப்பூருக்குப் பயணிகளோடு ஒரு விமானம் சென்றது. அதில் வெடிகுண்டு இருப்பதாகச் செய்தி வந்தது. சிங்கப்பூர் விமானப்படையின் இரு போர் விமானங்கள் எழும்பி, மக்கள் நெருக்கம் இல்லாத திசையில் அதை வழிநடத்திய பின்னரே அது சாங்கியில் இறங்கியது. தேடிப் பார்த்தனர், குண்டு இல்லை. அதே நாளில் தில்லியிலிருந்து சிகாகோ சென்ற விமானம், கானடாவின் வடகோடியில் பனிசூழ்ந்த இக்காலுயிட் என்னும் சிற்றூரில் இறங்க நேர்ந்தது. அங்கும் குண்டு இல்லை. அவ்வாண்டில் நவம்பர் நடுப்பகுதி வரையில் நம் நாட்டு விமானங்களுக்கு வந்த பொய் மிரட்டல்கள் ஏறத்தாழ ஆயிரம் என்று அரசாங்கம் பாராளுமன்றத்தில் அறிவித்தது.

முன்னாளில் தொலைபேசியில் ஒருவன் குரலை மாற்றிப் பேசினான். இந்நாளில் சமூக வலைத்தளங்களில் பெயர் மறைத்து எழுதுகின்றனர். காரணங்கள் அற்பமானவை. வேறொருவனை வழக்கில் மாட்டிவிட வேண்டும். காவல்துறை ஓடுவதைக் கண்டு களிக்க வேண்டும். அல்லது, தான் வந்து சேரும் வரையில் விமானம் நிற்க வேண்டும். 2023 பிப்ரவரியில், ஐதராபாத்திலிருந்து சென்னை செல்லவிருந்த ஒருவர், நேரமாகிவிட்டபடியால் அவ்விமானத்தில் குண்டு இருப்பதாகத் தொலைபேசியில் சொல்லி, முடிவில் காவலர் கையில் சிக்கினார்.

அத்தகைய ஒரு சொல் என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்குவோம். செய்தி கிடைத்தவுடன் விமான நிலையத்தில் மிரட்டலை மதிப்பிடும் குழு கூடுகிறது. நம்பத்தக்கது என்று அது கருதினால், விமானம் மற்றவற்றினின்று விலகிய தனியிடத்துக்குக் கொண்டு செல்லப்படுகிறது. பயணிகள் இறக்கப்படுகின்றனர், ஒவ்வொரு மூட்டையும் சோதிக்கப்படுகிறது. இதற்குள் மணிகள் பல கழிகின்றன. விமானிகள் ஒரு நாளில் இத்தனை மணி நேரமே பணி செய்யலாம் என்ற விதி உண்டு. அது கடந்துவிட்டால் வேறு விமானிகள் வர வேண்டும். வானில் இருக்கும் விமானமாயின் இடர் இன்னும் பெரிது. போயிங் 777-300 இ.ஆர். என்னும் பெரிய விமானம் ஏறத்தாழ 351 டன் எடையோடு எழும்பலாம். ஆனால் 251 டன் எடைக்கு மேல் இறங்கலாகாது. நெடும்பயணத்துக்கு எண்ணெய் நிரப்பிப் புறப்பட்டது உடனே திரும்ப வேண்டுமாயின், டன் கணக்கான எண்ணெயை வானிலேயே கொட்ட வேண்டும். அல்லது வட்டமிட்டு எரிக்க வேண்டும். அல்லது அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு துணிந்து இறங்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விளையாட்டாகச் சொன்ன ஒரு பொய், இருநூறு முந்நூறு உயிர்களை உண்மையான இடருக்கு அருகில் தள்ளுகிறது.

அந்த விமானத்தில் யார் இருக்கிறார்? தாயின் ஈமக்கடனுக்கு விரையும் மகன் இருக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு வேலூர் செல்லும் வங்காளத்து நோயாளி இருக்கலாம். முதல் வேலைக்கான நேர்காணலுக்குச் செல்லும் பெண் இருக்கலாம். அவர்கள் இழந்த அந்த ஆறு மணி நேரத்தை எந்தத் தண்டமும் திருப்பித் தராது.

“பொய் என்று தெரிந்த பின் ஏன் பொருட்படுத்த வேண்டும்? பேசாமல் விட்டுவிடலாமே” என்பர் சிலர். விட்டுவிட இயலாது என்பதற்குச் சென்னையே சாட்சி. 1984 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். முன்னதாகத் தொலைபேசியில் எச்சரிக்கை வந்திருந்தது. பெட்டிகள் உரிய நேரத்தில் அகற்றப்படவில்லை. அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23-ஆம் நாள், கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் வானிலேயே வெடித்தது. 329 உயிர்கள் போயின. அதற்கு முன்னரும் எச்சரிக்கைகள் வந்திருந்தன. ஆகவே ஆயிரம் பொய்களுக்கு நடுவே ஓர் உண்மை மறைந்திருக்கலாம் என்ற அச்சத்தோடுதான் பொறுப்பாளர் ஒவ்வொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. பொய் சொல்பவன் செய்யும் பெருந்தீமை இதுவே: உண்மையான எச்சரிக்கையின் குரலை அவன் கேளாதபடி செய்துவிடுகிறான். புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதையில் அழிந்தவை ஆடுகள். இங்கே அழியக்கூடியவர் மனிதர்.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2024 டிசம்பரில் விமானப் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு, பொய்ச்செய்தி பரப்புவோர்க்குத் தண்டம் விதிக்க வழி செய்யப்பட்டது. ஆயினும் சட்டம் குற்றம் நடந்த பின்னரே கை நீட்டும். முன்னதாகவே தடுப்பது வீட்டில் பெரியவர் சொல்லும் சொல்தான். அடக்கமுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் நாவைக் காக்குமாறு வற்புறுத்திய வள்ளுவரின் வழிவந்தோர் நாம். கைப்பேசி ஏந்திய பிள்ளைகளுக்கு, விரலும் ஒரு நாவே என்று சொல்லிக் கொடுப்போம். விமான நிலையத்துச் சோதனையின்போது, “பெட்டியில் என்ன, குண்டா இருக்கிறது?” என்று வேடிக்கை பேசுவதையும் விட்டொழிப்போம். வேடிக்கை என்று அறிந்தும் அதை அங்குள்ள காவலர் வேடிக்கையாகக் கொள்ள முடியாது. அதே சமயம், உரிமையாளர் இன்றிக் கிடக்கும் மூட்டையை உண்மையாகவே கண்டால், வெட்கமோ அச்சமோ இன்றி, அருகிலுள்ள காவலரிடம் உடனே தெரிவிப்போம். தொல்லை தரும் பொய்யும் பயன் தரும் எச்சரிக்கையும் ஒன்றல்ல. எச்சரிக்கை செய்பவர் தம் பெயரையும் முகத்தையும் மறைக்க வேண்டியதில்லை.

அன்பர்களே, நாம் வேண்டியவை இவையே. நல்ல திரைப்படம் வந்தால் அதைப் போய்ப் பாருங்கள். விமானியோடு தரையில் நிற்பவரையும் அதில் தேடுங்கள். நீங்கள் வாழும் ஊரில் பழைய விமானத் தளமோ நினைவுக் கல்லோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளோடு சென்று, அதிலுள்ள பெயர்களை உரக்கப் படியுங்கள். இல்லையேல், ஒன்று வேண்டுமென்று நகராட்சிக்கு எழுதுங்கள். வீண் மிரட்டலை விளையாட்டென்று எவரேனும் சொன்னால், அப்போதே கண்டியுங்கள்.

அடுத்த முறை பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நீங்கள் ஊருக்குப் பறக்கும்போது, சக்கரம் ஓடுபாதையைத் தொடும் அந்த ஒரு கணத்தில், கண்ணுக்குத் தெரியாத நூறு பேர் உங்கள் பொருட்டு விழித்திருந்தனர் என்பதை நினைவு கூருங்கள்.